தேங்காய்ப்பட்டணத்தில் அவள் சிரித்த படம்

கைபேசியில் நல்ல படம் எடுக்க ஆசைப்படுகிறவர் முதலில் செய்ய வேண்டியது லென்ஸைத் துடைப்பது. இதை நான் தெரிந்துகொண்டபோது எனக்கு வயது ஐம்பத்தாறு. குழித்துறைச் சந்தைக்குப் பக்கத்தில் பெயின்ட், பைப், பூட்டு, ஆணி விற்கிற கடை என்னுடையது. வார்னிஷ் பட்ட கையால் போனை எடுத்து, புட்டி பட்ட கையால் சட்டைப்பையில் போட்டு, அந்த லென்ஸின் மேல் ஒரு படலமே படிந்து கிடந்தது. இத்தனை வருடமாக என் போனில் எல்லாரும் மூடுபனிக்குள் நிற்பது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

போன ஓண லீவுக்கு முந்தி, கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் நான் படம் எடுக்கப் படித்தேன். விடுமுறைப் படங்களை எப்படி நன்றாக எடுப்பது என்று ஒரு பெண் வீடியோவில் சொல்லித் தருவாள். உச்சி வெயிலில் எடுக்காதீர்கள், கண்ணுக்குக் கீழே கறுப்பு விழும். சூம் பண்ணாதீர்கள், நீங்களே நடந்து பக்கத்தில் போங்கள். ஆளுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று முதலில் பாருங்கள். திரையில் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள், கடல் சாயாமல் நிற்கும். சுவர் சாயாமல் நிற்கிறதா என்று பார்க்கிற ரசமட்டம் விற்கிறவனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா? கட்டம் போட்டதும் எனக்கு ஒரு மிதப்பு வந்துவிட்டது. கடைக்கு எதிரே நின்ற மின்கம்பத்தை நேராக எடுத்து, தொழில் கைக்கு வந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இவ்வளவும் எதற்கென்று சொன்னால், என்மேல் யாருக்காவது கொஞ்சம் மரியாதை இருந்தால் அதுவும் போய்விடும். போகட்டும். என் மகள் ஒரே ஒரு நாளை முழுசாக நம்பிச் சந்தோஷப்பட்டாள். அந்த நாளை நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லாமல் எனக்குக் கடையில் கணக்கு ஓடவில்லை, சோறு இறங்கவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். கருங்கல் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் ஆபீஸ் வேலை. வயது இருபத்தேழு ஆகிறது. வீட்டில் அவள் வாய் மூடாது. அடுப்படியில் அம்மாவோடு பேசிச் சிரிக்கிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். ஆனால் கேமராவைக் கண்டால் போதும், பாஸ்போர்ட் ஆபீசில் நிற்பது மாதிரி ஆகிவிடுவாள். கை இரண்டும் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும், உதடு உள்ளே போய்விடும். ஸ்டுடியோக்காரர் எவ்வளவு சொல்லியும் நடக்கவில்லை. அந்தப் படத்தைத்தான் கல்யாண ஆலோசனைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். படம் போகும். பதில் வராது.

ஆலோசனை பார்க்கிற அக்கா ஒருத்தி உண்டு. தையல் கடை வைத்திருக்கிறாள், அதோடு இதையும் பார்க்கிறாள். அவள் ஒரு நாள் என் கடைக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணே, இந்தப் போட்டோவ அனுப்பி அனுப்பி எனக்கே மடுத்துப் போச்சு. இப்ப மாப்பிள வீட்டுக்காரங்க கேக்கது டூர் போட்டோ. எங்கயாவது போன எடத்துல, அவ பாட்டுக்கு சிரிச்சிட்டு நிக்கணும். அதப் பாத்தாத்தான் புள்ள எப்பிடின்னு அவங்களுக்குத் தெரியும்.”

இப்போது எங்கள் பக்கம் இதுதான் வழக்கம். ஸ்டுடியோவில் எடுத்தது ஒன்று, ‘சும்மா எடுத்தது’ ஒன்று. அந்தச் சும்மா எடுத்ததற்குத்தான் ஆட்கள் ஊர்ப்பட்ட பாடு படுகிறார்கள். ஒரு வீட்டில் இதற்காகவே மூணாறு வரைக்கும் போய் வந்தார்கள் என்று அக்கா சொன்னாள்.

“பின்ன ஒண்ணு அண்ணே. இதுக்குத்தான் எடுக்கோம்னு அவகிட்ட சொல்லிப்பிடாதிய. சொன்னா திரும்பவும் மொகம் இறுகிப் போவும். டூர் போறோம்னு மட்டும் சொல்லுங்க.”

எனக்கு அது பெரிய புத்தியாகப் பட்டது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல், “புள்ளைகிட்ட சொல்லாமலா?” என்றாள்.

“சொன்னா சிரிப்பாளா அவ?”

“பின்னால தெரிஞ்சா?”

“எப்பிடி தெரியும்? நீ வாய வச்சிட்டு சும்மா இருந்தாப் போதும்.”

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று ஊருக்கே தெரியும். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றைக்கு அவள் இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று பிறகு நினைத்தேன். அப்படி நினைத்ததும் நாணக்கேடுதான். அவள் வாயை அடைத்தவன் நான்.

அன்று இரவு சாப்பிடும்போது மகளிடம் சொன்னேன். “மக்களே, ஓண லீவுக்கு நாம எங்கயாவது போயிட்டு வருவோமா?”

அவள் தோசையைப் பிய்த்த கையோடு என்னைப் பார்த்தாள். “கடை?”

“அடைக்கேன்.”

“நெசமாவா?”

அவள் அப்படிக் கேட்டதில் ஆச்சரியம் இல்லை. கடையைத் திறந்த நாளிலிருந்து, சாவுக்கும் கல்யாணத்துக்கும் தவிர நான் அதை அடைத்ததில்லை. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் லீவுக்குப் போன இடத்தைப் பற்றி எழுத வேண்டும் என்றால், இவள் அம்மாவின் தம்பி வீட்டைப் பற்றி எழுதுவாள். ‘அப்பாக்குக் கடை இருக்கு’ என்பது எங்கள் வீட்டில் எல்லாக் கேள்விக்கும் பதில். அதனால் அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கே போவது, எது முதலில், எது பிறகு என்று அவளே முடிவு பண்ணினாள். முதலில் மாத்தூர் தொட்டிப் பாலம், பிறகு திற்பரப்பு அருவி, சாயங்காலம் தேங்காய்ப்பட்டணத்தில் பொழிமுகம். எங்கள் ஊர் ஆறு போய்க் கடலில் சேருகிற இடம் அது. எல்லாம் ஒரு மணி நேரத் தூரத்துக்குள் இருக்கிற இடங்கள். ஒன்றுக்கும் நான் அவளைக் கூட்டிப் போனதில்லை.

உள்ளறையில் அவள் சிநேகிதியிடம் போனில் பேசுவது எனக்குக் கேட்டது. “எங்க அப்பா கடைய அடைக்காருட்டி. எனக்காக்கும்.” கேட்டுக்கொண்டே நான் போனை சார்ஜில் போட்டேன்.

போகிற அன்று காலையில் நான் எழுந்தபோது அவள் குளித்து, புளிச்சோறு கிளறி, தேங்காய்த் துவையல் அரைத்து, வாழையிலை வாட்டிப் பொதி கட்டி முடித்திருந்தாள். மரச்சீனிக் கிழங்கும் அவித்து ஒரு தூக்குவாளியில் போட்டிருந்தாள். பழைய காரின் பின்சீட்டில் அம்மாவும் மகளும் உட்கார்ந்தார்கள். திருவட்டார் தாண்டும் வரைக்கும் அவள் பேசிக்கொண்டே வந்தாள். நான் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

மாத்தூரில் பாலத்தின்மேல் நல்ல காற்று. கீழே ஆறும் தென்னையும் ரப்பர் தோட்டமும் தெரியும். அங்கே நின்றால் யாருக்கும் மனசு லேசாகும். எனக்கு ஆகவில்லை. அவள் முடி முகத்தில் பறந்தது, பின்னால் மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் விலகாமல் நின்றான், சூரியன் மேலே ஏறிக்கொண்டிருந்தது. நான் அந்த மஞ்சள் சட்டையிடம் போய், “தம்பி, பாலம் முழுக்க உனக்குத்தானா?” என்று கேட்டேன். அவன் ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்தான். மகள், “விடுங்கப்பா” என்றாள்.

பிறகு அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று என்னிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். “அப்பா, நான் ஒரு காரியம் சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருக்கேன். நீங்க ஏசப்பிடாது.” முகத்தில் வெயில் ஒரு பக்கமாக, வீடியோக்காரி சொன்ன மாதிரியே விழுந்துகொண்டிருந்தது. நான் போனைத் தூக்கிப் பிடித்தேன். அவள் பேசப் பேச உதடு அசைந்தது. திரையில் அது கோணலாக வந்தது.

“மக்களே, கொஞ்சம் பேசாத நில்லு. பேசினா வாய் கோணுது.”

அவள் நிறுத்தினாள். கை இரண்டும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டன. நான் எடுத்தேன். அது ஒன்றுக்கும் ஆகாத படம். “செரி, இப்ப சொல்லு” என்றேன். “ஒண்ணும் இல்லப்பா, பெறகு சொல்லுதேன்” என்று அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பாலத்தின் மறுமுனைக்கு நடந்தாள். அவள் சொல்ல வந்தது என்ன என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

திற்பரப்பில் கூட்டம் நெரிந்தது. எங்கே திருப்பினாலும் பின்னால் ஈரத் துணியோடு ஒரு ஆள், எண்ணெய் தேய்த்த ஒரு முதுகு, சிப்ஸ் பொட்டலம். ஆளுக்குப் பின்னால் சுத்தமாக இருக்க வேண்டும் என்றால், அங்கே சுத்தமாக இருந்தது ஆகாயம் மட்டும்தான். ஆகவே கீழே இருந்து எடுப்பதென்று ஈரப்பாறையில் மல்லாந்து படுத்தேன். ஐம்பத்தாறு வயசில், வேட்டியோடு. யாரோ, “அண்ணாச்சிக்கு என்னாச்சி?” என்று ஓடி வந்தார்கள். மகள் வாய்விட்டுச் சிரித்தாள். எடுக்கலாம் என்றால் அருவிச் சாரல் லென்ஸில். துடைப்பதற்குள் சிரிப்பு போய்விட்டது. எனக்கு வந்த எரிச்சலைப் பாருங்கள், மகள் சிரித்தது எனக்குச் சந்தோஷமாக இல்லை, அதைப் பிடிக்க முடியவில்லையே என்று இருந்தது.

“அம்மா, நீயும் வாம்மா, சேர்ந்து நிப்போம்” என்று அவள் கூப்பிட்டாள். மனைவி ஓர் அடி எடுத்து வைத்தாள். நான், “அம்மை பெறகு நிக்கட்டு. நீ முதல்ல தனியா நில்லு” என்றேன். மனைவிக்குக் காரணம் தெரியும். வைத்த காலை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய், செருப்புகளுக்குக் காவல் நின்றாள். அந்தப் ‘பிறகு’ அன்று முழுக்க வரவே இல்லை.

மரத்தடியில் இலையைப் பிரித்துச் சாப்பிட்டோம். அவள்தான் எனக்குத் துவையல் விளம்பினாள். “எப்பிடி இருக்கு?” என்றாள். “கொள்ளாம், நல்லாருக்கு” என்றேன். நான் எடுத்த படங்களை ஒன்றொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தேறவில்லை. புளிச்சோறு என்ன ருசியாக இருந்தது என்று இப்போது யோசித்தால் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது.

தேங்காய்ப்பட்டணம் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. வீடியோக்காரி திரும்பத் திரும்பச் சொன்ன நேரம் அதுதான், சூரியன் இறங்குவதற்கு முந்தின நேரம். கறுப்பு நிழல் கிடையாது, முகம் மஞ்சள் பூசினது போல இருக்கும். பொழிமுகத்தில் ஆறும் கடலும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. தூரத்தில் துறைமுகத்துக்கு வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. ஆள் அதிகம் இல்லை. நான் அவளைத் தண்ணீருக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லிவிட்டு, அவளுக்கு முன்னால் அல்ல, ஒரு பக்கமாக, கரை வளைந்து அலை ஏறி வருகிற ஓரத்தில் போய் நின்றேன். திரையில் கட்டம், கடல் நேர், பின்னால் ஒருவரும் இல்லை. எல்லாம் சரி. அவள்தான் சிரிக்கவில்லை.

“சும்மா நில்லு மக்களே. சும்மா.”

“சும்மாத்தான்பா நிக்கேன்.”

அப்போது பின்னாலிருந்து வந்த அலையை நான் பார்க்கவில்லை. இடுப்பு வரைக்கும் அடித்துவிட்டது. வேட்டி காலில் சுற்றிக்கொண்டது. ஒரு கையால் வேட்டியைப் பிடித்தேன். இன்னொரு கை போனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டது. விழப்போய், விழாமல், ஒற்றைக்காலில் தத்தித் தத்தி நின்றேன். அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, “அப்பா, அப்பா” என்று சொல்லிக்கொண்டு, நான் பிடித்துக்கொள்ள என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. போனை இறக்கி எடுத்தேன். அவள் கை நீண்டுகொண்டே இருக்க, விரலை அமுக்கிப் பிடித்து, வரிசையாக எடுத்துத் தள்ளினேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவள் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். “அப்பா, மாசத்துக்கு ஒருக்கா இப்பிடி போவோமா? தூரமா எல்லாம் வேண்டாம். இப்பிடி பக்கத்துல போதும்” என்றாள். “பாப்போம்” என்றேன். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள். மனைவி குரலைத் தாழ்த்தி, “கிடைச்சா?” என்று கேட்டாள். “கிடைச்சு” என்றேன். அவ்வளவுதான் பேச்சு. கள்ளத்தனம் பண்ணினவர்கள் பேசிக்கொள்வது மாதிரித்தான் இருந்தது.

வீட்டு முற்றத்தில் கார் நின்றதும், மகள் உள்ளே போய் விளக்குப் போடுவதற்குள் நான் படத்தைச் சரிபண்ணினேன். கை நீட்டியிருப்பது வேண்டாம் என்று அதை வெட்டினேன். முகமும் சிரிப்பும் பின்னால் கடலும் மட்டும் நின்றன. அக்காவுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. “அண்ணே, இதாக்கும் படம்.” சொன்னால் நம்பமாட்டீர்கள், அன்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்து இருந்தது. நன்றாக எடுத்துவிட்டேன் என்று.

மகள் எல்லாப் படங்களையும் தனக்கும் அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். பார்த்துவிட்டுக் கொஞ்சம் வாடின குரலில், “என்னப்பா, ஒண்ணுலயும் நீங்களும் இல்ல, அம்மாவும் இல்ல. நான் மட்டும் தனியா டூர் போனது மாதிரில்லா இருக்கு” என்றாள். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். ஆனாலும் அந்தச் சிரிக்கிற படத்தை, கை நீட்டியிருக்கிற முழுப் படத்தை, அவள் தன் போனைத் திறந்ததும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சில நாள் கழித்து, ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகாமல் பஸ் இறங்கி நேரே கடைக்கு வந்தாள். அப்படி வருவது வழக்கமில்லை. அப்போது ஒரு மேஸ்திரி பைப்புக்கு வளைவு எடுத்துக்கொண்டிருந்தார். அவள் பெயின்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில், தோளில் பையோடு ஓரமாக நின்றாள். அவர் வாங்கி முடித்து, மீதியை எண்ணிப் பார்த்து, ஒரு வழியாகப் போகிற வரைக்கும் பொறுத்தாள். பிறகு வந்து போனை என் முன்னால் மேசையில் வைத்தாள்.

அது ஏதோ கல்யாண குரூப். அதில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே உயரம், நிறம், நட்சத்திரம். அதற்கும் கீழே முன்பின் தெரியாத யாரோ கட்டைவிரல் தூக்கிக் காட்டியிருந்தார்கள். கூட வேலை பார்க்கிற ஒரு பெண்ணின் அண்ணனுக்கு ஆலோசனை பார்க்கிறார்களாம். அந்த வீட்டிலிருந்து சுற்றி வந்து, மத்தியானச் சோற்று நேரத்தில், ஆபீசில் எல்லார் முன்னாலும் இவளிடமே காட்டியிருக்கிறார்கள். “இது நீதானே?” என்று.

“அன்னைக்கு நாம போனது இதுக்கா அப்பா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தப்புதான் மக்களே என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வந்தது வழக்கமான கோபம்தான். “பின்ன எதுக்கு? உனக்க நல்லதுக்குத்தானே செய்தோம்? இதுக்கு ஒரு மொகத்த தூக்கிட்டு கடைக்கு வரணுமா?” என்றேன். குரலும் ஏறிவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அவள் சத்தம் போடவில்லை. “சொல்லியிருந்தா நானே நின்னிருப்பேன்பா. எனக்கும் கல்யாணம் வேண்டாம்னு இல்லியே. எத்தன படம் வேணும்னாலும் நின்னிருப்பேன்.” மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “நான் டூருன்னுல்லா நெனச்சேன்.”

போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். மத்தியானம் நான் சாப்பிட்ட பாத்திரங்களைத் தினமும் ராத்திரி நான்தான் கொண்டுபோவேன். அன்று அவள் அதையும் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். கோபித்துக்கொண்டு போகிறவள் அதை எடுத்துக்கொண்டு போவாளா? அவள் என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்துச் சிரித்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தல்ல, கேமராவைப் பார்த்தும் அல்ல. கடையை அடைத்துவிட்டுத் தன்னோடு வந்து, அலையில் நனைந்து நின்ற தன் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். பெண்பிள்ளை அப்படி ஒரு முகத்தை வீட்டுக்கு வெளியே யாருக்கும் காட்டமாட்டாள். அதை நான் ஊர் பேர் தெரியாதவர்களின் போனுக்கெல்லாம் அனுப்பிவைத்தேன்.

அக்காவைக் கூப்பிட்டு, படத்தை எடுத்துவிடச் சொன்னேன். “நான் எடுத்திருவேன் அண்ணே. குரூப்புல போனது எங்க எல்லாம் போச்சோ, யாருக்குத் தெரியும்?” என்றாள். அவளைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அனுப்பினது என் விரல்.

அந்தப் படத்தைப் பார்த்து ஒரு வீட்டார் வரவும் செய்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுவோமா என்று நான் கேட்டபோது, “வரட்டுப்பா, அதுல என்ன” என்று மகளே சொன்னாள். வந்தார்கள். நல்ல ஆட்கள்தான். அவள் சாயா கொண்டுவந்து கொடுத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், கை இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். பையனின் அம்மா கள்ளமில்லாமல், “போட்டோவுல என்னமா சிரிச்சிட்டிருந்தா. நேர்ல ஏன் மக்களே சிரிக்க மாட்டேங்க?” என்று கேட்டார். மகள் உதட்டை அகட்டிக் காட்டினாள். அது சிரிப்பு இல்லை என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. நான் தலையைக் குனிந்து என் சாயாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர்களிடமிருந்து தகவல் ஒன்றும் வரவில்லை.

வீட்டில் அவள் பேசாமல் இல்லை. காலையில், “அப்பா, போயிட்டு வாறேன்” என்கிறாள். நான் இருமினால் சுக்குத் தண்ணீர் வைத்துத் தருகிறாள். அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம்கூட மறுபடி கேட்க ஆரம்பித்துவிட்டது. நான் அந்தப் பக்கம் போனால் மட்டும் அது கொஞ்சம் குறையும். போனைக் கையில் வைத்துக்கொண்டு போனால் நின்றேவிடும். யாரோ ஒருவருக்கு நம்பர் பார்த்துச் சொல்லத்தான் எடுத்திருப்பேன், ஆனாலும் அவள் தோள் இறுகுவது எனக்குத் தெரியும். இப்போதெல்லாம் வீட்டு வாசல்படி ஏறும்போதே போனைப் பைக்குள் போட்டுவிடுகிறேன்.

எப்படியாவது இதைச் சரிபண்ண வேண்டும் என்று எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் வீட்டில் ஒருத்தரும் சொல்லிப் பழக்கமில்லை. நான் அவளிடம் தனியாகப் போய் நின்று, “மக்களே” என்று தொடங்கி, “குடை எடுத்தியா?” என்று முடித்த நாட்கள் உண்டு.

போன வாரம் ஒரு நாள், அவளுக்குக் கல்லூரி இல்லை என்று தெரிந்தது. காலையில் கடைக்குப் போகச் சட்டை மாட்டினவன் அதைக் கழற்றி ஆணியில் போட்டேன். அடுப்படி வாசலில் போய் நின்று சொன்னேன். “மக்களே, இன்னைக்குக் கடை அடைக்கேன். நாம மூணு பேருமா சுசீந்திரம் போயிட்டு, அப்படியே ஆசிராமம் பக்கம் வயல் ரோட்ல கொஞ்ச நேரம் இருந்திட்டு வருவோம். சும்மாத்தான்.”

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். மகள் கழுவின பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டாள். முடியாது என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

“செரிப்பா” என்றாள். உள்ளே போனாள்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது என்று முடிவு செய்து, அதை அலமாரிக்குள் வைக்கப் போனேன். அதற்குள் அவள் அறை வாசலில் வந்து நின்றாள். இரண்டு கையிலும் இரண்டு சுடிதார், ஒன்று நீலம், ஒன்று ஆரஞ்சு. குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. வேலை இடத்தில் ஒரு காரியத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற மாதிரிதான் கேட்டாள்.

“வயலுக்கு முன்னால நிக்கணும்னா இதுல எது எடுப்பா இருக்கும்ப்பா?”